தொட்ட இடத்தை முதலில் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டிலேயே காருக்கு ஆயில் மாற்றுவது எப்படி என்று தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். போல்ட்டைக் கழற்று, பழையதை வடி, பில்டரை மாற்று, புதியதை ஊற்று என்று எல்லாம் சரியாகவே சொல்லியிருந்தார்கள். ஆனால் ஊற்றி முடித்ததோடு கட்டுரையும் முடிந்துவிட்டது. மறுநாள் காலையில் வண்டிக்கு அடியில் கறுப்பாக ஒரு வட்டம் கிடந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு வரி கூட இல்லை. நான் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் பஸ் இன்ஜின்களோடு காலம் தள்ளியவன். எங்கள் தெருப் பையன்கள் அந்த மறுநாள் காலையில்தான் என்னைத் தேடி வருகிறார்கள்.

போன மாதம் கூப்பிட்டவன் என் அக்கா மகன். தங்கச்சிமடத்தில் இருக்கிறான், பழைய பெட்ரோல் கார் ஒன்று வைத்திருக்கிறான். செல்போனில் பார்த்துத் தானே ஆயில் மாற்றிவிட்டு ராமநாதபுரம் கிளம்பியிருக்கிறான். பாம்பன் பாலம் தாண்டி மண்டபம் வருவதற்குள் ஆயில் கருகுகிற வாடை. வழியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், "பின்பக்க ஆயில் சீல் போயிருச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்று சொல்லி, கேட்டவுடன் தலை சுற்றுகிற மாதிரி ஒரு தொகையும் சொல்லியிருக்கிறார்கள். சீல் என்பது இன்ஜினில் சுழலும் தண்டைச் சுற்றி ஆயில் கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையம். "மாமா, அம்மா நகையைத்தான் வைக்கணும் போல" என்று போனில் புலம்பினான். "மாப்ள, நேத்து வரைக்கும் நல்லா இருந்த சீல், நீ ஆயில் மாத்துன அன்னைக்கா பார்த்துப் போகும்? இன்ஜினை அணைச்சுட்டு அங்கேயே நில்லு" என்றேன்.

போய்ப் பார்த்தால் விஷயம் இதுதான். பழைய பில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் கழன்று வராமல் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் புதிய பில்டரை, அதன் சொந்த வளையத்தோடு முறுக்கியிருக்கிறான். இரண்டு வளையம் ஒன்றின் மேல் ஒன்று. வீட்டு வாசலில் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தபோது ஒழுகவில்லை. ஓட்டத்தில் ஆயில் பிரஷர் ஏறியதும் ஒரு வளையம் பிதுங்கிக்கொண்டது. பழையதைச் சுரண்டி எடுத்து, இடத்தைத் துடைத்து, புது பில்டரின் வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, வளையம் தொட்டபின் முக்கால் சுற்று கையால் முறுக்கினோம். ஒழுகிக் குறைந்துபோன அளவுக்கு ஆயில் ஊற்றினோம். நகை வீட்டிலேயே இருக்கிறது.

அந்த ஒர்க்‌ஷாப்காரரை ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல வரவில்லை. ஓட்டத்தில் காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும். முன்னால் ஒழுகுவது பின்னால் போய்த்தான் சொட்டும். சொட்டுகிற இடத்தை மட்டும் பார்த்தால் பின் சீல் என்றுதான் தோன்றும். ஈரம் இருக்கிற இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே, எது எல்லாவற்றுக்கும் முன்னே என்று பார்க்க வேண்டும். தெரியவில்லையா? ஆறிய இன்ஜினை டீசல் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட்டு, சந்தேகப்படும் இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தபின் பாருங்கள். பவுடர் எங்கே முதலில் நனைகிறதோ அங்கேதான் கோளாறு. பெல்ட், ஃபேன் பக்கம் கை போகக் கூடாது.

தானே வேலை பார்த்த மறுநாள் ஒழுகினால், நேற்று எதைத் தொட்டோம் என்பதுதான் முதல் கேள்வி. பில்டர் சரியென்றால் அடுத்தது சம்ப்பின், அதாவது இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியின், வடிகால் போல்ட். அதில் செம்பிலோ அலுமினியத்திலோ ஒரு வாஷர் இருக்கும். முறுக்கும்போது நசுங்கி இடைவெளியை அடைப்பதுதான் அதன் வேலை. ஒருமுறை நசுங்கியதை மறுபடி போடுவது பிழிந்த எலுமிச்சையை மறுபடி பிழிகிற கதை. பில்டர் வாங்கும்போதே வாஷரும் கேட்டு வாங்குங்கள். எங்கள் பக்கத்துக் கடைகளில் கேட்டால் "பழசையே போடுங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள். அப்படிப் போட்டுவிட்டு, சொட்டுகிறதே என்று நீளக் குழாயை ஸ்பேனரில் மாட்டி முறுக்குவார்கள். அலுமினிய சம்ப் என்றால் மரை உரிந்து கையோடு வந்துவிடும். சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் முறுக்கு விசை 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் போதும். வண்டியோடு வந்த புத்தகத்தில் அந்த எண் இருக்கும். மரை போன இடத்தில் எம்சீல் பசையை அப்பிக்கொண்டு ஓட்டுகிறவர்களை என்ன சொல்வது!

சில சமயம் ஒழுகலே இருக்காது. பில்டரைக் கழற்றும்போது சிந்தியது அடியிலிருக்கும் பிளாஸ்டிக் தட்டில் தேங்கி இரண்டு மூன்று நாள் சொட்டிக்கொண்டிருக்கும். தட்டைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பிறகு கவலைப்படுங்கள். இன்னொன்று, கடையில் பல சமயம் கிடைப்பது மூன்றரை லிட்டர் கேன். பல சிறிய பெட்ரோல் கார்களுக்கு 3 லிட்டர் சுமாரே போதும். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று முழுக் கேனையும் கவிழ்த்தால் ஆயில் நுரைத்து, உள்ளே அழுத்தம் கூடி, நன்றாயிருந்த சீல் வழியாகவும் கசியும். அளவுக் குச்சியைப் பார்க்கும்போது வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். எங்கள் ஊர் மணல் மேட்டில் நிறுத்திப் பார்த்தால் அது காட்டுவதெல்லாம் பொய்.

சொட்டுவது எது என்று தெரியாவிட்டால் இரவில் வெள்ளை அட்டை ஒன்றை அடியில் போட்டு வையுங்கள். நிறமில்லாமல், வாடையில்லாமல் இருந்தால் ஏசி தண்ணீர். நம் வெக்கைக்கு அது குடம் குடமாகக்கூட வரும். பச்சையோ ரோஸோ, லேசாக இனிப்பு வாடை அடித்தால் இன்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட். அழுகிய முட்டை மாதிரி நெடி அடித்தால் கியர் ஆயில். சக்கரத்தின் உள்பக்கம் வெளிர் மஞ்சளாக ஈரமிருந்தால் பிரேக் ஆயில், அப்போது வண்டியை ஒரு அடி கூட நகர்த்தாதீர்கள். பிரேக் பேட் தானே மாற்றுகிறவர்கள் இதையும் கவனிக்கலாம்: பேட் தேயத் தேய பிரேக் ஆயில் டப்பாவில் அளவு இறங்கும். அதைப் பார்த்து முன்பே நிரப்பி வைத்தவர், புதிய பேட் போட, பேடை அழுத்துகிற பிரேக் பிஸ்டனை உள்ளே தள்ளினால் டப்பா பொங்கி வழியும். ஒழுகல் என்று நினைத்துக்கொள்வார். பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ஓட்டும்போது சிவப்பாக ஆயில் விளக்கு எரிந்தால் அடுத்த ஊர் வரை போய்ப் பார்ப்போம் என்று நினைக்காமல் அங்கேயே அணைத்துவிடுங்கள்.

மதுரைக்காரருக்கு இல்லாத தொல்லையும் நமக்கு உண்டு. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டு பக்கமும் உப்புக்காற்று. தனுஷ்கோடி போய் அலை தெறிக்க நின்றுவிட்டு வந்தவர்கள் மேலே மட்டும் கழுவுகிறார்கள். தகர சம்ப் அடியில் துரு பொருக்குத் தட்டிப் போகும். ஆயில் மாற்றுகிற அன்று அந்தப் பொருக்கை உதிர்த்தால் பின்னால் ஊசித் துளை இருக்கும், இத்தனை நாள் துருவே அதை அடைத்துக்கொண்டிருந்திருக்கும். அதற்கு சம்ப்பை மாற்றுவதுதான் வழி. நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தையும் கழுவுங்கள். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். நம் கரையோரத்தின் உப்புத் தண்ணீர் அலுமினியத்தை உள்ளிருந்தே தின்னும், பிறகு எங்கே ஒழுகுகிறது என்று தேடித் தீராது.

மணலில் ஜாக்கி புதையும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள்.

கடைசியாக, வடித்த பழைய ஆயில். தங்கள் கட்டுரை "அப்புறப்படுத்தவும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது. எங்கே? எங்கள் பக்கம் வேலிக்கம்பில் பூசுவார்கள், மிச்சத்தை மணலில் கொட்டுவார்கள். இந்த மணலில் சில அடி தோண்டினால் கிணற்றுத் தண்ணீர், கொஞ்சம் தள்ளினால் 21 தீவுகள் கொண்ட கடல் தேசியப் பூங்கா. பயன்படுத்திய ஆயில் 2016-ம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகளுக்குள் வருகிறது, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போய்ச் சேர வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து ஆயில் தயாரிக்கிற நிறுவனங்களுக்கே அந்தப் பொறுப்பில் பங்கு உண்டு. சட்டம் சரி, மூன்று லிட்டர் கேனோடு நிற்கிறவன் யாரிடம் கொடுப்பான்? விசைப்படகுகளின் பழைய ஆயில் இதைவிடப் பல மடங்கு. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் மீன் இறங்குதளங்களில் மூடி போட்ட டிரம் வைத்து, படகு ஆயிலோடு கார் ஆயிலையும் வாங்கிக்கொள்ள மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்யலாம். தங்கள் செய்தியாளர் யாராவது இதை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணிமனை மெக்கானிக்,
உச்சிப்புளி.