இரண்டு வகுப்புகளுக்கிடையே பதினைந்து நிமிடம்: துணைவேந்தருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

இணையவழிக் கல்வி இயக்ககத்தின் ஆசிரியர்களுக்காகச் சென்ற ஞாயிற்றுக்கிழமை தாங்கள் ஏற்பாடு செய்திருந்த ‘உடல் இயக்கமும் மன அழுத்த மேலாண்மையும்’ என்னும் இணையவழிக் கருத்தரங்கில் நானும் கலந்துகொண்டேன். கலந்துகொள்ளாமல் இருக்க வழியும் இல்லை. வருகைப்பதிவு கட்டாயம், கேமராவை அணைக்கக் கூடாது, பின்னூட்டப் படிவத்தை நிரப்பினால்தான் சான்றிதழ் என்று சுற்றறிக்கையே தெளிவாகச் சொல்லியிருந்தது. நீண்ட நேரம் உட்கார்ந்திருப்பதன் தீமைகளை நாங்கள் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தபடியே கேட்டறிந்தோம்.

பேச வந்த உடற்கல்வி இயக்குநர் மீது எனக்குக் குறை ஏதுமில்லை. லண்டன் பேருந்துப் பணியாளர்களைப் பற்றி ஜெரி மாரிஸும் அவருடைய குழுவினரும் 1953இல் வெளியிட்ட ஆய்வை அவர் நன்றாகவே விளக்கினார். நாள் முழுதும் உட்கார்ந்து வண்டி ஓட்டியவர்களைவிட, இரட்டைத்தட்டுப் பேருந்தின் படிகளில் ஏறியிறங்கிப் பயணச்சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது என்பது அதன் முடிவு. வளாகத்தில் கற்பித்தவரை நாங்களும் நடத்துநர்களாகத்தான் இருந்தோம். துறையிலிருந்து வகுப்பறைக்கு நடந்தோம், மாடி ஏறினோம், பலகையின் முன் நின்றே பாடம் நடத்தினோம். 2020 மார்ச் ஊரடங்கு எங்களை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தியது. ஊரடங்கு முடிந்து மற்றவர்கள் வளாகத்துக்குத் திரும்பிய பிறகும் இயக்ககத்து ஆசிரியர்கள் அந்த இருக்கையிலிருந்து எழவில்லை. ஓட்டுநராவது பேருந்து நிலையத்தில் இறங்கி ஒரு தேநீர் குடிக்கலாம்.

எங்கள் கால அட்டவணையில் காலை ஒன்பது முதல் பிற்பகல் ஒரு மணி வரை வகுப்புகள் இடைவெளியின்றித் தொடர்கின்றன. ஒரு வகுப்பை முழு அறுபது நிமிடங்களுக்கு முன்பாக முடிக்கக் கூடாது; அடுத்த வகுப்பின் இணைப்பில் ஐந்து நிமிடங்களுக்கு முன்பாகவே காத்திருக்க வேண்டும். இவ்விரு விதிகளையும் ஒரே நேரத்தில் நிறைவேற்றும் கலை எங்களுக்கு இன்னும் கைவரவில்லை.

இதன் விளைவை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னிக்க வேண்டும். எங்களில் பல பெண் ஆசிரியர்கள் காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். இடையில் எழுந்து கழிப்பறைக்குச் சென்றால், அந்தச் சில நிமிடங்கள் பதிவில் வெற்று நாற்காலியாகத் தெரியும். ‘ஆசிரியர் திரையில் இல்லை’ என்று விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும். மீண்டும் மீண்டும் நீர்க்கடுப்பால் அவதிப்பட்ட சக ஆசிரியர் ஒருவரிடம் மருத்துவர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னபோது, அவர் மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டார். தண்ணீரை விடுமுறைக்கென ஒதுக்கிவிட்டார். முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் தம் சொந்த வீட்டில், குளியலறைக்குப் பத்தடி தூரத்தில் அமர்ந்துகொண்டு, அங்கே செல்ல அனுமதிக்கு ஏங்கும் நிலையைத் தாங்கள் திட்டமிட்டு உருவாக்கியிருக்க மாட்டீர்கள் என்றே நம்புகிறேன். அட்டவணை அதைத்தான் செய்கிறது.

ஆகவே நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று: இரண்டு இணையவழி வகுப்புகளுக்கிடையே பதினைந்து நிமிட இடைவெளி, அதுவும் அட்டவணையில் எழுதப்பட்ட இடைவெளி.

இது சலுகை அன்று. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடல் இயக்கத்தில் ஈடுபட வேண்டும் என்று கூறும் உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் கைவிட்டுவிட்டது. மாடிப்படியில் ஒரு நடை, தெருமுனை வரை ஒரு நடை எல்லாமே கணக்கில் சேரும். மனத்துக்கும் அதே நடைதான் மருந்து. பெயர்கள் மட்டும் மிதக்கும் கறுப்புக் கட்டங்களைப் பார்த்து ஒரு மணி நேரம் பேசி, ‘கேட்கிறதா?’ என்ற கேள்விக்கு எவரும் பதில் சொல்லாமல் முடிந்த வகுப்பின் எரிச்சலை, முன்பெல்லாம் அடுத்த வகுப்புக்கு நடக்கும் தாழ்வாரத்திலேயே உதறிவிடுவோம். இப்போது அது அப்படியே அடுத்த வகுப்பின் மாணவர்கள் மீது இறங்குகிறது.

உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் வகுத்திருக்கின்றன. இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் தீர்க்கும் ஐயங்களும், காணொளிகளைப் பதிவேற்றும் பொழுதும், ஒரே வருகைப்பதிவை மூன்று படிவங்களில் நிரப்பும் வேலையும் எந்தப் பதினாறில் அடங்கும் என்று கேட்கத் தோன்றுகிறது. மணிக்கணக்கில் ஊதியம் பெறும் கௌரவ விரிவுரையாளர்களோ இதைக் கேட்கவும் முடியாதவர்கள். யோகா தினத்தன்று நாற்காலியில் அமர்ந்தபடி மூச்சுப் பயிற்சி செய்யும் எங்கள் புகைப்படங்கள் பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கைக்கு அழகு சேர்க்கின்றன என்பதில் மட்டும் எங்களுக்கு மகிழ்ச்சியே.

அவற்றையெல்லாம் இன்னொரு மடலில் பேசிக்கொள்ளலாம். இப்போதைக்கு அந்தப் பதினைந்து நிமிடத்தைத் தாருங்கள். இதற்கு நிதி ஒதுக்கீடோ புதிய குழுவோ தேவையில்லை. காலை வகுப்புகளில் ஒன்றைப் பிற்பகலுக்கு மாற்றினால் போதும், அதற்கு நாங்கள் ஆயத்தமாகவே இருக்கிறோம். அடுத்த பருவத்தின் கால அட்டவணையை இறுதி செய்யும் கூட்டத்திலேயே இக்கோரிக்கையை எடுத்துக்கொண்டு ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இணையவழிக் கல்வி இயக்ககத்தின் உதவிப் பேராசிரியர் ஒருவர்