மிரட்டல் வந்த போனை அழிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுவர்களின் இணையப் பாதுகாப்பு பற்றி எங்கள் பகுதிகளில் கூட்டங்களுக்குக் குறைவில்லை. பிள்ளைகளிடம் போனைக் கொடுக்காதீர்கள் என்ற பேச்சோடு அவை முடிந்துவிடும். பிள்ளையின் அந்தரங்கப் படத்தை வைத்து ஒருவன் மிரட்டத் தொடங்கினால் அன்றைக்கே வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. பிறகு பொலிசில் செய்யும் முறைப்பாடு பலவீனப்படுவது அங்கேதான்.

பதற்றத்தில் வீட்டார் போனைப் பறித்து எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். அழிவது துப்பு மட்டுமே. படம் அவனிடம் இருக்கத்தான் செய்யும். வட்ஸ்அப்பில் ஒருவரை ரிப்போர்ட் செய்யும்போது உரையாடலை அழிக்கும் தெரிவும் கூடவே வரும், அதன் சரி அடையாளத்தை எடுத்துவிட வேண்டும். தானாக மறையும் செய்திகள் 24 மணித்தியாலத்திலேயே போய்விடலாம். ஸ்னப்சட்டில் ஸ்க்ரீன்ஷொட் எடுத்தால் மறுபக்கத்துக்கு அறிவித்தல் போகும். ஆகவே மிரட்டல் செய்திகளை இன்னொரு போனால் படம்பிடிப்பதே நல்லது. திகதியும் நேரமும் தெரிய வேண்டும். பேஸ்புக், இன்ஸ்டகிராம் கணக்கென்றால் பெயர் போதாது, அதை எந்நேரமும் மாற்றலாம். கணக்கின் இணைப்பை (லிங்க்) பிரதி எடுத்து வையுங்கள். வட்ஸ்அப் என்றால் நாட்டுக் குறியீட்டோடு முழு இலக்கம் வேண்டும்.

ஆனால் பிள்ளையின் ஆபாசப் படத்தை மட்டும் பிரதி எடுக்காதீர்கள். மாமாவுக்குக் காட்டவென்று அனுப்பவும் வேண்டாம். 18 வயதுக்குட்பட்டவரின் அப்படியான படத்தை வைத்திருப்பதும் பரப்புவதும் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவின் கீழ் குற்றம். போனை அப்படியே பொலிசில் கொடுத்தால் போதும்.

காசு கொடுத்தால் விடுவான் என்று நம்புகிறவர்களும் உண்டு. ஒருமுறை கொடுத்தவரிடம்தான் அவன் திரும்பத் திரும்பக் கேட்பான். ஏற்கெனவே அவன் சொன்ன போன் இலக்கத்துக்கு ரீலோட் போட்டிருந்தால் பற்றுச்சீட்டை எறியாதீர்கள், அந்த இலக்கமும் ஒரு துப்புத்தான்.

படம் பரவுவதைத் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் போனை விட்டு வெளியே போகாது. படத்திலிருந்து போனிலேயே உருவாகும் கைரேகை போன்ற ஓர் எண் அடையாளம் மட்டுமே பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக், ஸ்னப்சட் போன்ற தளங்களுக்குப் போகும். வட்ஸ்அப்பில் கைமாறுவதை இதனால் பிடிக்க முடியாது. படத்தை வெட்டி மாற்றினாலும் அடையாளம் பொருந்தாமல் போகலாம். அதனால் இதைச் செய்துவிட்டு முறைப்பாட்டைக் கைவிட வேண்டாம்.

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929, பொலிஸ் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகத்தின் 109 ஆகிய இலக்கங்களுக்கு அழைக்கலாம். பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் போகலாம். கோயில், பள்ளிவாசல் பெரியவர்கள் "ஊருக்குள் பேசித் தீர்ப்போம்" என்று கூட்டி வைப்பதைத்தான் நாங்கள் கடுமையாக எதிர்க்கிறோம். குற்றவாளிக்கு அது அவகாசம் கொடுக்கும். பிள்ளையின் பெயரோ ஊர் முழுக்கப் போய்விடும்.

சமுதாயப் பொலிஸ் குழுக்களுக்கு ஒரு கோரிக்கை. தாய் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் பிள்ளையைப் பார்ப்பது அம்மம்மாதான். பகல் கூட்டத்துக்கு அவர் வரமாட்டார். படுவான்கரையிலும் திருக்கோவில் பக்கத்திலும் வீட்டுக்கே போய், மேலே சொன்னதை ஒரு போனைக் கையில் வைத்துச் செய்து காட்டுங்கள். போன் திருத்தும் கடைகளுக்கும் போங்கள். திருத்தக் கொடுக்குமுன் மெமரி கார்டைக் கழற்றி, கணக்குகளிலிருந்து வெளியேறச் சொல்லும் அறிவித்தல் ஒன்றைக் கடை வாசலில் ஒட்டச் செய்யலாம்.

இங்ஙனம்,
சிறுவர் பாதுகாப்புப் பணியில் உள்ள சிலர்,
களுவாஞ்சிகுடி.