பணத்துக்காக எழுதவில்லை

சேலம்,
ஐப்பசி, ஞாயிறு காலை

கண்ணு,

இங்கே நலம். பாப்பாவுக்கு இருமல் நின்றதா? ஒடிசாவில், உங்கள் கோராபுட்டில் குளிர் ஆரம்பித்திருக்கும், ஸ்வெட்டரை எடுத்து வெயிலில் போடச் சொல். இங்கே நாலு நாளாக மழை. ஏற்காட்டு மலை கண்ணிலேயே படவில்லை.

பணம் வந்துவிட்டது. போன மாசமும் வந்தது. பாஸ்புக்கில் பதிந்து பார்த்தேன். மாத்திரை, பால்காரர் எல்லாம் போக மிச்சம்கூட இருக்கிறது. ஒருத்திக்குப் பதினைந்தாயிரம் எதற்கு, எட்டே தாராளம். பணத்துக்காக இதை எழுதவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆடிப் பண்டிகைக்கு வந்து போனதிலிருந்து உன் போன் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. வேலை இருக்கும், சரி. சித்தப்பா அன்றைக்குச் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே. "ஊரான் கொடுக்கிற தர்மக் காசில் மாசம் லட்ச ரூபாயா?" என்று அவர் கேட்டபோது நீ இலையையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். ரசம்தான் ஊற்றினேன், வாயைத் திறக்கவில்லை.

அவர் கொலுசுப் பட்டறையில் ஆறு பேர். நீ நடத்துகிற தொண்டு நிறுவனத்தில் நூறு பேருக்கு மேல், பன்னிரண்டு பள்ளிக்கூடம். அவர் கார் வாங்கினால் சாமர்த்தியம், நீ சம்பளம் வாங்கினால் பாவமா? செவ்வாய்ப்பேட்டையில் ஆடிட்டர் ஆபீஸில் 27 வருடம் டிரஸ்ட் கணக்கு எழுதியவள் நான், இதைக்கூடச் சொல்லவில்லை.

வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்றிருந்ததை 2020-ல் அரசாங்கம் 20 ஆக்கியதே, அது உங்களை நெருக்குகிறதா? பள்ளிக்கூட ஆசிரியர் சம்பளம் அதில் சேராது, இயக்குநரான உன் சம்பளம் சேரும். குறைக்க வேண்டி வந்தால் உன் பேனா முதலில் யார் பெயரை அடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? பெற்றவளாச்சே. பெருமையாகத்தான் இருக்கிறது. கோபமும் வருகிறது. பாப்பாவுக்கு நாளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டாமா? என்ன ஆனாலும் பி.எஃப். மட்டும் நிறுத்திவிடாதே.

ஒருமுறை அமெரிக்கக் கணக்கு ஒன்றைக் காட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? படிவம் 990, அங்கே தொண்டு நிறுவனங்கள் வருஷா வருஷம் வரித்துறைக்குக் கொடுக்கிற கணக்கு. வரிவிலக்கு வாங்கிய நிறுவனம் தன் தலைவருக்கு என்ன கொடுக்கிறது என்று அங்கே யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றாய். சில தொகையைப் பார்த்து எனக்கே தலை சுற்றியது. அதையெல்லாம் நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் பந்தியில் உட்கார்ந்து ஆளாளுக்கு ஒரு தொகை சொல்கிறார்கள்.

ஏன் அன்றைக்கு வாயடைத்துப் போனேன் என்று இரண்டு மாசமாக யோசித்தேன். உன்னிடம் ஒன்று சொல்லியே ஆக வேண்டும்.

1997-ல் மலையில் ஒரு டிரஸ்ட், பிள்ளைகள் விடுதி நடத்தியது. நம் ஆபீஸில்தான் கணக்கு. விடுதியைப் பார்த்துக்கொண்ட அம்மாவுக்கு 2,200 ரூபாய். இரவு பகல் அங்கேயே கிடப்பார். 3,000 ஆக்கித் தரும்படி கேட்டிருந்தார். கொடுக்கலாமா என்று டிரஸ்டிகள் எங்களுக்கு எழுதினார்கள். பதில் தயார் செய்யும் வேலை என்னிடம் வந்தது. அப்போதிருந்த 1961 வருமான வரிச் சட்டம், 13-வது பிரிவு. அறங்காவலர், அவருடைய உறவினர் மாதிரி டிரஸ்டோடு நெருங்கியவர்களுக்கு நியாயத்துக்கு மேல் சம்பளம் கொடுத்தால்தான் டிரஸ்டின் வரிவிலக்குக்கு ஆபத்து. அந்த அம்மா யாருக்கும் உறவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே, "சம்பளத்தை உயர்த்தினால் வரிவிலக்குக்குச் சிக்கல் வரலாம், சேவை மனப்பான்மையோடு தொடரக் கேட்டுக்கொள்ளலாம்" என்று டைப் அடித்தேன். ஆடிட்டர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

அப்போது என் சம்பளம் 1,900. அவ்வளவுதான் காரணம். அப்பா போய் மூன்று வருடம், உனக்கு ஃபீஸ் கட்ட வளையலை அடகு வைத்த மாசம் அது. சேவை செய்கிறவளுக்கு என்னைவிட ஆயிரத்து நூறு அதிகமா என்று வயிறு எரிந்தது.

அந்த அம்மா மலையிலிருந்து இறங்கும்போதெல்லாம் ஒரு பொட்டலம் மிளகு கொண்டுவந்து என் மேஜையில் வைப்பார். அந்த வருடமும் வைத்தார். வாங்கிக்கொண்டேன். அதில்தான் உனக்கு ரசம் வைத்தேன். அடுத்த ஜூனில் வேலையை விட்டுப் போய்விட்டார். பி.எஃப். கிடையாது, ஒன்றும் கிடையாது.

சித்தப்பா பேசியபோது என் குரல்தான் கேட்டது கண்ணு.

தீபாவளிக்கு அவர் வருவார், அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ அதற்காக வராமல் இருந்துவிடாதே. டிக்கெட்டுக்கு என்னிடம் பணம் இருக்கிறது, நீ அனுப்பியதுதான், செலவழியவே இல்லை. பாப்பாவுக்குத் தேன் கொடு, சூடு பண்ணாமல். எட்டே போதும், அதுவும் முடியாவிட்டால் வேண்டாம். பி.எஃப். மட்டும் நிறுத்தாதே.

அம்மா