கடல் பாடம் எடுக்கப்போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

ஏழாம் வகுப்புக்கு ஒரு பருவம் முழுக்கக் கடலைப் பற்றிப் பாடம் எடுக்கும் பொறுப்பு உனக்கு வந்திருக்கிறது என்று படித்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நிலைத்த வளர்ச்சியும் சமாதானமும் பாடத்தில் வரவேண்டுமாம், சமாதானத்தை எங்கே நுழைப்பது என்று கேட்டிருந்தாய்.

அதை வெளியிலிருந்து கொண்டுபோய் நுழைக்க வேண்டாம் கண்ணு. கடல் கல்விக்கு அடிப்படையாக ஏழு கருத்துகளை அமெரிக்காவில் ஆசிரியர்களும் அறிவியலாளர்களும் சேர்ந்து வகுத்தார்கள். அவற்றை வைத்து 2017-இல் யுனெஸ்கோ எல்லா நாட்டு ஆசிரியர்களுக்கும் ஒரு கையேடு வெளியிட்டது. அந்த ஏழில் முதலாவது, பூமியில் இருப்பது ஒரே பெருங்கடல் என்பது. இது மனதில் பதிந்துவிட்டால் சமாதானப் பாடம் பாதி முடிந்த மாதிரி.

ஆனால் அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லிவிடாதே. 1992 ஜனவரியில் பசிபிக் நடுவே புயலில் சிக்கிய ஒரு சரக்குக் கப்பலிலிருந்து கண்டெய்னர்கள் விழுந்தன. குழந்தைகள் குளிக்கும்போது விளையாடும் பிளாஸ்டிக் வாத்து, ஆமை, தவளை என்று 28,000-க்கும் மேற்பட்ட பொம்மைகள் கடலில் சிதறின. அந்த ஆண்டு முடிவதற்குள் அலாஸ்காக் கரையில் அவை ஒதுங்க ஆரம்பித்தன. கர்ட்டிஸ் எப்பஸ்மையர் என்ற கடலியலாளர், கரையில் பொம்மைகளைக் கண்டெடுத்தவர்கள் சொன்ன இடத்தையும் நாளையும் வைத்து நீரோட்டத்தின் வழியையும் வேகத்தையும் ஆராய்ந்தார். உலக உருண்டையில் அந்தப் பொம்மைகள் போன வழியைப் பிள்ளைகளே விரலால் தேடட்டும். எந்த நாட்டு எல்லையில் அவை நின்றன என்று மட்டும் கேள்.

அடுத்த நாள் இரண்டு பலூன் எடுத்துப் போ. வெறும் காற்றடித்த பலூன் மெழுகுவர்த்திச் சுடரில் பட்டதும் படாரென்று வெடிக்கும். இன்னொன்றில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் காற்றடித்து, தண்ணீர் நிற்கும் அடிப்பக்கத்தைச் சுடருக்கு மேலே பிடி. கரி படியுமே தவிர சட்டென்று வெடிக்காது, சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. மனிதர்கள் வெளிவிடும் வாயுக்களால் பூமியில் தேங்கும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடல்தான் இப்படி வாங்கி வைத்திருக்கிறது. அதனால்தான் நீர் விரிந்து மட்டம் உயர்கிறது, பவளப்பாறைகள் வெளுக்கின்றன. கடலையே பார்த்திராத பிள்ளைக்கும் மழை பெரும்பாலும் கடலிலிருந்துதான் புறப்பட்டு வருகிறது என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடு.

இவ்வளவும் ஆன பிறகு நாட்டு எல்லைக் கோடுகளைக் கொண்டு வா. முதலிலேயே கோடு போட்டுக் காட்டினால் கடல் என்பதே பங்கு பிரித்த நிலம் என்றாகிவிடும். 1982-இல் உருவான ஐ.நா. கடல் சட்டத்தின்படி 12 கடல் மைல் வரை ஒரு நாட்டின் எல்லைக்கடல், 200 வரை மீனிலும் மற்ற வளங்களிலும் அந்த நாட்டுக்கு உரிமை. நாடுகளின் உரிமை முடிகிற இடத்துக்கு அப்பால் கடல் தரையும் அதன் கனிமங்களும் மனித குலத்தின் பொதுச் சொத்து. இந்த எண்ணத்தை 1967-இல் ஐ.நா. பொதுச்சபையில் வலியுறுத்திப் பேசியவர், மால்டா என்ற குட்டித் தீவு நாட்டின் தூதர் அர்விட் பார்டோ.

சண்டைகளை மறைக்காதே. பிரிட்டனும் ஐஸ்லாந்தும் ஒரே ராணுவக் கூட்டணியில் இருந்த நாடுகள். ஆனாலும் காட் என்ற உணவு மீனுக்காக 1976 வரை மூன்று தடவை மோதிக்கொண்டன. வலைக் கயிறுகளை அறுத்தார்கள், கப்பல்கள் ஒன்றையொன்று இடித்தன. இதைச் சொல்லிவிட்டு ஒரு கிண்ணத்தில் இருபது பொத்தான்களைப் போடு, அவைதான் மீன்கள். நான்கு பிள்ளைகள், நான்கு நாடுகள். ஒவ்வொரு சுற்றிலும் வேண்டிய அளவு எடுக்கலாம், மிஞ்சியது அடுத்த சுற்றில் இரட்டிப்பாகும், இருபதுக்கு மேல் போகாது. முதலில் வாய் திறக்காமல் ஆடச் சொல். பெரும்பாலும் கிண்ணம் சீக்கிரமே காலியாகிவிடும். பிறகு பேசிக்கொண்டு ஆட விடு. ஆளுக்கு எத்தனை என்பதற்கு முன்னால் கிண்ணத்தில் எத்தனை இருக்கிறது என்று அவர்கள் சேர்ந்து எண்ணத் தொடங்கும் இடத்தைக் கவனி. அங்கே நிறுத்திப் பேசு, அவசரப்படாதே.

ஆமைப் படம் வரையும் போட்டியும் கடற்கரைக் குப்பை பொறுக்கும் நாளும் நடக்கட்டும். ஆனால் பருவமே அதோடு முடிந்துவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

பேசிக்கொண்டு ஆடும் ஆட்டம் நிஜத்திலும் நடக்கிறது. ஆர்கோ திட்டத்தில் பல நாடுகள் விட்ட ஏறக்குறைய 4,000 மிதவைகள் கடலெங்கும் இருக்கின்றன. பெரும்பாலானவை பத்து நாளுக்கு ஒரு தடவை 2,000 மீட்டர் ஆழம் போய், மேலே வரும் வழியில் வெப்பத்தையும் உப்பையும் அளந்து செயற்கைக்கோளுக்கு அனுப்புகின்றன. எந்த நாடு விட்டதானாலும் அது எடுத்த அளவுகள் எல்லோருக்கும் இலவசம். உன் வகுப்புக்கென்று ஒரு மிதவையைத் தேர்ந்தெடு. அது மேலே வரும்போதெல்லாம் இடத்தையும் வெப்பத்தையும் பிள்ளைகள் சுவரில் உள்ள வரைபடத்தில் குறித்து வரட்டும். எந்த மிதவை என்று எனக்கும் எழுது, நானும் பார்த்து வருகிறேன்.

அன்புடன்,
அம்மா