மீனின் நீளமும் கணக்கில் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடல்நீரில் கலந்திருக்கும் மரபணுத் துணுக்குகளைக் கொண்டே அங்கு வாழும் மீன் இனங்களைக் கண்டறியும் முறை குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த செய்தியைப் படித்தேன். மீன்கள் உதிர்க்கும் செதில், சளி, கழிவு ஆகியவற்றின் உயிரணுக்கள் ஓரிரு லிட்டர் நீரை வடிகட்டினாலே அகப்பட்டுவிடுவதால், வலை வீசாமல், ஒரு மீனையும் கொல்லாமல், கலங்கலான நம் சிங்கப்பூர்க் கடலோரத்திலும் ஆய்வு நடத்த முடிவது வரவேற்கத்தக்கதே. ஆயினும், எந்த இனம் இருக்கிறது என்று சொல்லும் அந்த நீர், அது குஞ்சா, முட்டையிடும் பருவத்ததா என்பதைச் சொல்லாது. சந்தையில் நம்மில் பலர் சியாகாப் என்று மலாய்ப் பெயரிலேயே கேட்டு வாங்கும் கொடுவா மீன், பெரும்பாலும் ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெரிதான பிறகே பெண்ணாக மாறுகிறது. ஆகவே பெரிய மீன்கள் குறைந்தால், இனத்தின் பெயர் பட்டியலில் நீடித்தாலும், முட்டையிடும் மீன்கள் குறைந்துவிட்டன என்றே பொருள்.

வூட்லண்ட்ஸ் கடலோரப் படகுத்துறையில் தூண்டில் போடுவோரின் வாளிகளை எட்டிப் பார்ப்பது என் வழக்கம் (அவர்களும் பெருமையாகவே காட்டுவார்கள்). உள்ளங்கை நீளம்கூட இல்லாத மீன்கள் அவற்றில் கிடப்பதைக் கண்டிருக்கிறேன். எவரும் அளந்து நான் பார்த்ததில்லை. மீன்பிடிக்க அனுமதியுள்ள படகுத்துறைகளின் கைப்பிடிகளில் தேசியப் பூங்காக் கழகம் சென்டிமீட்டர் அளவுகோலைப் பதித்து, அருகில் ஒரு கியூஆர் குறியீட்டையும் ஒட்டினால், பிடித்தவரே மீனை அதன்மேல் கிடத்திக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பலாம். ஆய்வாளர்கள் அந்த நீளங்களை நீர்மாதிரி முடிவுகளோடு சேர்த்துப் பார்க்க இயலும்.

வாசகர், வூட்லண்ட்ஸ்