பத்து முன்மொழிபவர்களுக்கும் ஒரு குமாஸ்தாவுக்கும்

அன்புள்ள அக்காமார்களே, அண்ணன்மார்களே, தோழர்களே,

பரிசீலனை முடிந்தது, மக்களவைத் தேர்தலுக்கு நம் சுயேச்சை வேட்பாளர் தாக்கல் செய்த மனு ஏற்கப்பட்டுவிட்டது. கடைசி நாள் பட்ட பாடு உங்களுக்கே தெரியும், அதை மறுபடி எழுதப்போவதில்லை. நன்றியைச் சொல்லிவிடுகிறோம்.

முதல் நன்றி ஒரு வக்கீல் குமாஸ்தாவுக்கு. பெயர் போடவில்லை. அவர் வேலை பார்ப்பது எதிர் வேட்பாளரின் வக்கீலிடம். எங்களால் அவர் பிழைப்பு கெடக்கூடாது. தன் கட்சியின் மாற்று வேட்பாளர் மனுவை மடியில் வைத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தவர், பக்கத்தில் விரித்திருந்த நம் மனுவை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இந்த மூணு கைநாட்டும் யாரு முன்னாடி வச்சது?"

அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும், ஒருவர் கழன்றாலும் மனு போச்சு. கையெழுத்துப் போடத் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போட்டாலும் செல்லும். கைநாட்டு அப்படியில்லை. தேர்தல் நடத்தும் அலுவலர் முன்போ, ஆணையம் அதற்கென்று குறித்த அதிகாரி முன்போதான் வைக்க வேண்டும். ஆள் இவர்தான் என்று பார்த்து, அந்த அதிகாரி சான்றொப்பம் இட வேண்டும். வெளியில் வைத்த ரேகை எவ்வளவு தெளிவாக விழுந்திருந்தாலும் கணக்கில் வராது. எழுதப் படிக்க வாய்ப்பில்லாதவர்களை முன்மொழியச் சொல்லும் இயக்கங்கள்தான் பெரும்பாலும் இதில் மாட்டுகின்றன; பெரிய கட்சிகளுக்கு இந்தக் கவலையே கிடையாது.

"கையெழுத்துப் போடுற பத்துப் பேரை வச்சு இன்னொரு செட் மனு போடுங்க. நாலு செட் வரைக்கும் வாங்குவாங்க. அந்த அம்மாங்களையும் கையோட கூட்டிட்டு வாங்க" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. தன் பையிலிருந்த வெற்று வேட்புமனுப் படிவம் (2ஏ) ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வாக்காளர் பட்டியலை மடியில் போட்டு ஒவ்வொருவரின் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் பேனா முனையால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தார். ஒருவரின் பாகம் எண் பழையது. எழுத்துப் பிழைக்காக மனுவைத் தள்ளக்கூடாது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் பரிசீலனை மேசையில் வாயாடிக்கொண்டிருப்பதைவிட இப்போதே திருத்துவது நல்லது என்றார்.

அந்த மூன்று அக்காக்களும் தூய்மைப் பணியாளர்கள். இரண்டாவது செட் தயாரானதும், சட்டப்படி அவர்கள் இல்லாமலேயே மனு நிற்கும். "எங்க கை படாத பேப்பர்ல எங்களுக்காக நிக்கிறதா?" என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு பேச்சில்லை. வேட்பாளருடன் நான்கு பேர்தான் உள்ளே போகலாம். அந்த நால்வரில் மூவர் இவர்கள், வேலைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அலுவலர் வாக்காளர் அட்டையை வாங்கி, முகத்தைப் பார்த்து, பெயரைக் கேட்டு, மைப்பெட்டியை நகர்த்தினார். மூவரும் அழுத்தி வைத்தார்கள். மை விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். 3 மணிக்குக் கதவு சாத்துவதற்குள் இரண்டு செட்டும் உள்ளே போயிருந்தன.

மற்ற எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறோம். சொத்தும் வழக்கும் சொல்லும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டத்தையும் காலியாக விடாமல் "இல்லை", "பொருந்தாது" என்று நிரப்ப வைத்த நோட்டரி வக்கீலம்மாவுக்கு. மறியல் வழக்கு ஒவ்வொன்றுக்கும் காவல் நிலையம், முதல் தகவல் அறிக்கை எண், சட்டப்பிரிவு, நீதிமன்றம் என்று தேடித் தந்த நண்பர்களுக்கு. காசோலை செல்லாது என்று 12,500 ரூபாய் டெபாசிட்டைப் பணமாகவே திரட்டித் தந்த தெருக்களுக்கு. தேர்தல் செலவுக்கான தனி வங்கிக் கணக்கை மனுத்தாக்கலுக்கு முந்தைய நாளே திறந்து கொடுத்த காசாளருக்கு.

தெருவில் போராடுகிறவருக்கு தில்லி எதற்கு என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். மலக்குழியில் ஆளை இறக்கக்கூடாது என்ற 2013 சட்டம் நாடாளுமன்றத்தில்தான் பிறந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைகிறோம். ஏன் அமலாகவில்லை என்று அமைச்சரை நிற்க வைத்துக் கேட்கும் இடம் அந்த அவை. தேர்தலையே புறக்கணித்து வந்த இயக்கத்தை 1999இல் சிதம்பரத்தில் களத்துக்குக் கொண்டுவந்த திருமாவளவன், 2009இல்தான் அங்கே வென்றார். 2019இல் மறுபடி வென்றபோது வித்தியாசம் 3,219 வாக்குகள்தான். ஆக, ஒரே தேர்தலில் எதுவும் முடிந்துவிடாது என்று தெரிந்துதான் இறங்கியிருக்கிறோம்.

ஒரு உறுதி: இனி இந்தத் தொகுதியில் யார் மனுவோடு வந்து கேட்டாலும், எந்தக் கொடியானாலும், வாங்கிப் படித்துப் பார்த்துக் கொடுப்போம். குமாஸ்தா அண்ணனுக்கு வேறு எப்படித் திருப்பிச் செய்வது என்று தெரியவில்லை.

கடைசியாக, நன்றி சொன்ன கையோடு பில்லும் கேட்கிறோம், கோபிக்காதீர்கள். வேன் விட்டவர்கள், மதியம் சாப்பாடு போட்டவர்கள், மைக்செட் கொடுத்தவர்கள் எல்லோரும் "ஓசிதானே" என்கிறீர்கள். ஓசியானாலும் சந்தை விலையில் வேட்பாளர் கணக்கில் ஏற வேண்டும். அன்றாடச் செலவு வெள்ளைத் தாளில், ரொக்கம் இளஞ்சிவப்பில், வங்கி மஞ்சளில். பிரச்சார நாட்களுக்குள் மூன்று முறை தேர்தல் செலவுப் பார்வையாளரிடம் காட்டியாக வேண்டும். முடிவு வந்த 30 நாளுக்குள் முழுக் கணக்கும் போய்ச் சேராவிட்டால் மூன்று ஆண்டு போட்டியிட முடியாமல் போகலாம். ஆகவே வண்டி எண், ஓடிய நாள், வாடகை. சாப்பாடென்றால் எத்தனை பேர், தலைக்கு எவ்வளவு. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, கையெழுத்திட்டு, தேர்தல் பணிமனையில் கொடுத்துவிடுங்கள். இதற்குக் கைநாட்டும் போதும்.

இப்படிக்கு,
தேர்தல் பணிக்குழு