நெருப்பில் ஒரு பானை: அக்டோபர் பயணம் பற்றிப் பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அக்டோபர் முதல் சனிக்கிழமை நம் தமிழ் வகுப்பு கிராக்கோவில் நடக்காது. அன்று 24 பிள்ளைகளும் ஆசிரியர்களுமாக, போலந்தின் யூரா என்ற பகுதியில் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே நிற்கும் ஒக்ரொஜெனியெட்ஸ் கோட்டைப் பக்கம் போகிறோம். காலை எட்டரைக்குப் பேருந்து கிளம்பும். கோட்டையைச் சுற்றிப் பார்ப்போம்தான், ஆனால் அதற்காகப் போகவில்லை. திறந்தவெளியில் நெருப்பு மூட்டி, அதில் பிள்ளைகளே ப்ரஜோன்கி சமைக்கப் போகிறார்கள்.

பெயர் உங்களில் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். ஸவியெர்சே, பொரெம்பா பக்கத்து ஊர்களின் சாப்பாடு இது. உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், வெங்காயம், கேரட், பீட்ரூட், கியெவ்பாசா என்கிற புகைபோட்ட பன்றி இறைச்சித் தொத்திறைச்சி எல்லாவற்றையும் ஒரே வார்ப்பிரும்புப் பானையில் அடுக்கி, மூடி, விறகு நெருப்பில் வேக விடுவார்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும். போலிஷ் மொழியில் வறுப்பது என்ற சொல்லிலிருந்து ப்ரஜோன்கி, சுடுவது என்ற சொல்லிலிருந்து பியெச்சோன்கி. துஷோன்கி என்றும் சொல்வார்கள்; அது நாம் தம் போடுவது என்கிறோமே, அந்தப் பொருள். என்னைக் கேட்டால் அந்தக் கடைசிப் பெயர்தான் சமையலுக்குச் சரியாகப் பொருந்துகிறது.

பொரெம்பாவில் இதற்கென்று ஆண்டுதோறும் விழாவே எடுக்கிறார்கள். அது இரும்பு வார்த்த ஊர். பழைய உலையின் கோபுரம் இன்னும் அங்கே நிற்கிறது. இரும்பு வார்த்த பூமியில் இரும்புப் பானைச் சாப்பாடு பிறந்ததில் ஆச்சரியம் இல்லை. உருளைக்கிழங்கு தோண்டும் காலத்தை இங்கே விகோப்கி என்பார்கள். செப்டம்பர், அக்டோபரில் வயலில் கிழங்கு எடுத்து முடித்ததும், அங்கேயே நெருப்பு மூட்டிச் சாப்பிடுவது பழைய வழக்கம். அதனால்தான் நாமும் அக்டோபரில் போகிறோம்.

பானையைத் தருவது நாம் வகுப்பு நடத்தும் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா. அவருடைய சொந்த ஊர் ஸவியெர்சேக்குப் பக்கம். அப்பா காலத்துப் பானை, 10 லிட்டர் பிடிக்கும். மூன்று கால், மேலே குறுக்குக் கம்பியும் திருகும் வைத்து இறுக்குகிற மூடி. கொச்சோவெக் என்பார்கள். போன வருடம் அவர் எங்களுக்குச் செய்து காட்டியபோது நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். முதலில் பன்றிக் கொழுப்பை உள்ளே விரலால் தேய்த்தார். அடியிலும் சுவரிலும் முட்டைக்கோஸ் இலையைப் புடவை விரிப்பதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தார். அப்புறம் விரல் தடிமனுக்கு நறுக்கிய கிழங்கு, வெங்காயம், கேரட், கொஞ்சம் பீட்ரூட், தொத்திறைச்சி, போச்செக் என்கிற கொழுப்பிறைச்சித் துண்டுகள். ஒவ்வோர் அடுக்குக்கும் உப்பு, மிளகு. திரும்பவும் கிழங்கு. 5 கிலோ கிழங்குக்கு 1 கிலோ தொத்திறைச்சி அவர் கணக்கு. மேலே மறுபடியும் இலை போட்டு மூடினார். திருகு மூடி இல்லாத காலத்தில் புல்லோடு வெட்டி எடுத்த மண்கட்டியை மேலே வைத்து அமுக்குவார்களாம்.

ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. காய்கள் விடுகிற நீரும் கொழுப்பும்தான் ஆவியாகி உள்ளேயே சுற்றி எல்லாவற்றையும் வேகவைக்கின்றன. அதனால் நடுவில் திறக்கவே கூடாது. ஏறக்குறைய ஒரு மணி நேரம், நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். போன வருடம் ஏழு வயதுப் பெண் ஒருத்தி, பீட்ரூட் நறுக்கிச் சிவந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, மூடி ஓரத்தில் ஆவி சீறுவதையே பார்த்தபடி இருந்தாள். பக்கத்தில் இருந்த பையன் தொலைபேசி கேட்கவில்லை. வகுப்பில் பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் உட்காராத பிள்ளைகள் அவர்கள். இந்தப் பயணத்தை மறுபடி ஏற்பாடு செய்ய எனக்கு அந்த ஒரு மணி நேரமே போதும்.

திறந்ததும் பீட்ரூட் பட்ட கிழங்கெல்லாம் இளஞ்சிவப்பாக இருந்தது. அடியில் பழுப்பாகப் பிடித்த காந்தலுக்குத்தான் போட்டி. தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. குடிக்கக் குளிர்ந்த மஷ்லான்கா, அதாவது மோர்.

ஒரு வேண்டுகோள். மசாலாப் பொடி, ஊறுகாய் எதுவும் கொடுத்தனுப்ப வேண்டாம். நம் பிள்ளைகள் வளர்கிற ஊரின் சாப்பாட்டை அந்த ஊர்க்காரர் கையால் கற்றுக்கொள்கிறார்கள். அதை உப்பும் மிளகுமாகவே சாப்பிடட்டும்.

சைவக் குடும்பங்களுக்கும், பன்றி இறைச்சி சாப்பிடாத குடும்பங்களுக்கும் தனிப் பானை இருக்கிறது. இதுவரை எதுவும் சமைக்காத புதுப் பானை. அதற்குக் கத்தியும் பலகையும் கரண்டியும் தனி, கொழுப்புக்குப் பதில் எண்ணெய். அதைக் கவனிக்கவே ஓர் ஆசிரியர் இருப்பார். இந்த விஷயத்தில் சந்தேகம் இருந்தால் தயங்காமல் என்னைக் கூப்பிடுங்கள்.

நெருப்பைப் பற்றி உங்களுக்குக் கவலை இருக்கும். போலந்துச் சட்டப்படி காட்டிலும், காட்டோரத்திலிருந்து 100 மீட்டருக்குள்ளும், அதற்கென ஒதுக்கிய இடம் தவிர வேறெங்கும் நெருப்பு மூட்டக் கூடாது. நாம் போவது அப்படி ஒதுக்கிய இடத்துக்கு. காற்று பலமாக இருந்தால் பயணத்தைத் தள்ளிவைப்போம். பானையைத் தூக்குவதும் திருகைத் தளர்த்துவதும் பெரியவர்கள் வேலை. தோல் சீவுவது, நறுக்குவது, அடுக்குவது பிள்ளைகள் வேலை. பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முனை மழுங்கிய கத்தி தருவோம்.

பருத்திச் சட்டையும் முழுக்கால் சட்டையும் போட்டு அனுப்புங்கள். நைலான் மேலாடை வேண்டாம், பொறி பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். புல்லில் உண்ணி இருக்கும். காலுறையைக் காற்சட்டைக்கு மேல் இழுத்து விடுங்கள், இரவு குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம் பார்த்துவிடுங்கள்.

இத்துடன் உள்ள சீட்டில் எந்தப் பானை என்று குறித்து, கையெழுத்துப் போட்டு அடுத்த வகுப்புக்குக் கொடுத்தனுப்புங்கள். ஒரு கிண்ணம், ஒரு கரண்டி, உட்காரத் தடித்த துணி ஒன்று போதும். கூட வர முடிந்த பெற்றோர் இருவர் வேண்டும். கிழங்கு 10 கிலோ இருக்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்